மடி தர மறுத்த தாய்மாமன்

இரண்டு வருடம் முன்பு, ஆவணி மாதத்தில், ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அதற்கு முந்தைய வருடம்தான் முறைப்படி தத்தெடுத்துத் தேனிக்கு அழைத்து வந்திருந்தோம்.

வந்த நாளிலிருந்து என் தம்பி என்றால் அவளுக்கு உயிர். திராட்சைத் தோட்டத்திலிருந்து அவன் பைக் வரும் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுவாள். "மாமா மடியில உக்காந்து காது குத்தப் போறேன்" என்று எங்கள் தெருவில் அவள் சொல்லாத ஆள் இல்லை.

மொட்டையடித்துச் சந்தனம் பூசியாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்துவிட்டார். தம்பியும் பட்டுப்பாவாடை, தோடு, பழம் என்று தட்டு நிறையச் சீர் கொண்டுவந்திருந்தான். ஆனால் பலகையில் உட்காரச் சொன்னால் நெளிந்தான்.

"அக்கா, கோவிச்சுக்கிறாத. மச்சானே மடியில வச்சுக்கிறட்டும். நான் உக்காந்தா முறை ஆயிப்போகும்ல? நாளப்பின்ன என் மகனுக்கு முறைப்பொண்ணுன்னு வந்து நிக்கும். எந்த வீட்டு ரத்தமோன்னு பெரியவுக சொல்றாக."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அவன் மகன் அங்கேதான் மூக்கு ஒழுக, நழுவுகிற டவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தான். அந்த மாப்பிள்ளைக்கு இப்போதே பெண் வந்துவிடும் என்று பயமாம்!

"ஏலே, உன் மகனை இப்ப எவ கேட்டா? இத்தன நாளு அவ மாமா மாமான்னு கூப்பிட்டப்ப இனிச்சுச்சா? பழகையில பார்க்காத ரத்தத்த இப்பத்தான் பார்க்குறியா?"

"விடு ஆத்தா, நல்ல நாளும் அதுவுமா" என்று சித்தி தடுத்தார். நான் விடவில்லை. அங்கிருந்த பெரியவர்களையும் சேர்த்துக் கிழித்தேன். நடுவில் யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் உதறினேன்.

கத்தி ஓய்ந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். தேடிக்கொண்டு ஓடினால், நாங்கள் வந்த வேனுக்குப் பக்கத்தில், செருப்பை மாட்டிக்கொண்டு, தன் சின்னப் பையைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"என்னாலதான சண்டை? நான் திரும்ப ஹோமுக்குப் போகணுமாம்மா?"

அழாமல் கேட்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தூக்கிக்கொண்டு வந்து பலகையில் நானே உட்கார்ந்தேன். "அதெப்படி, மாமன் இல்லாம?" என்று யாரோ முனகினார்கள். நான் பார்த்த பார்வையில் ஆசாரி சட்டென்று ஊசியை எடுத்துவிட்டார். வலியில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரே கேட்க அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. சீர்த் தட்டைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் திராட்சைப் பெட்டியோடு வந்தான். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவன்மேல் உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் அதைவிட என்மேல்தான் எனக்குக் கோபம். அவளுக்காகக் கத்துவதாக நினைத்துக்கொண்டு, சேலையைப் பிடித்து இழுத்த அவள் கையையல்லவா உதறியிருக்கிறேன்!

இப்போதும் அவளுக்காகச் சண்டை போட வேண்டிய நாள்கள் வரத்தான் செய்கின்றன. அப்போதெல்லாம் முதலில் அவள் கையைப் பிடித்து, "உன்மேல் எனக்குக் கோபமே இல்லை" என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவர்களிடம் வாயைத் திறக்கிறேன்.