கடலுக்குப் போன கார் ரேடியோ

ஷார்ஜாவில் என் பள்ளித் தோழிகளிடம் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும். டிரைவர், ஃபோர்மேன், அக்கவுண்டன்ட். எனக்கு மட்டும் வானத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. வானத்தில் ஒரு சாட்டிலைட் இருக்கிறது, அது பாட்டு அனுப்புகிறது, அதைக் காரில் கேட்க ஒரு பெட்டி வேண்டும், அந்தப் பெட்டியை என் அப்பா கார் ஆடியோ கடைகளில் போய் விற்கிறார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவள் டிபன் பாக்ஸைத் திறந்திருப்பாள்.

பெட்டி சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது. கூடவே காந்தம் வைத்த ஓர் ஆன்டெனா, கார் கூரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அப்பாவின் ஆபீஸ் துபாயில், அல் கூஸில் இருந்தது. ஆனால் அவர் ஆபீஸில் இருந்ததைவிடக் காரில் இருந்ததுதான் அதிகம். அம்மா ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவளுக்குச் சாயங்கால டியூட்டி விழும் வாரங்களில் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. பள்ளி விட்டதும் அப்பா என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு இண்டஸ்ட்ரியல் ஏரியாவுக்குப் போவார்.

அந்தக் கடைகளுக்கு வருகிறவர்கள் பாட்டுக்காக வருகிறவர்கள் அல்லர். கார்க் கண்ணாடி அதிர வேண்டும் என்று வருகிறவர்கள். அவர்களிடம் போய் அப்பா, இது எவ்வளவு தெளிவாகப் பாடும் என்று விளக்கிக்கொண்டிருப்பார். எஃப்.எம். எல்லாம் ஊர் எல்லையோடு முடிந்துவிடும், இது நடுப் பாலைவனத்திலும் பாடும் என்று இந்தியில் அடித்துச் சொல்வார். பாகிஸ்தானிலிருந்து வந்த பட்டாணியரான ஒரு கடைக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பாய், பாலைவனத்துக்கு யார் போகிறார்கள்?” என்று கேட்டார். அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். பாலத்துக்கு அடியில் போனால் பாட்டு நின்றுவிடும். ஆகவே கடைக்காரர்களை ஏற்றிக்கொண்டு டெமோ காட்டும்போது அப்பா பாலமே இல்லாத வழியாகப் பார்த்துத்தான் ஓட்டுவார். அப்படியும் கடைக்காரர்கள் ஒன்றோ இரண்டோ வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு மறந்துபோவார்கள்.

இந்த ரேடியோவை உண்மையிலேயே ஆசைப்பட்டுக் கேட்ட முதல் ஆள் என் மாமாதான். அம்மாவின் ஒரே தம்பி. அஜ்மானில் ஓர் அரபியின் லாஞ்சில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் கடற்கரையிலிருந்து வந்த இன்னும் சிலரும் அதே லாஞ்சில் இருந்தார்கள். கடலுக்குப் போனால் பல நாள் கழித்துத்தான் கரைக்கு வருவார். வந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு பை நிறைய மீனோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் மருமவளேதான். அவர் வந்த நாளில் அம்மா சிரிக்கும் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும்.

அங்கே விடுமுறை நாள் வெள்ளிதான். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது மாமா முன் சீட்டில் உட்கார்ந்து ரேடியோவைக் கேட்டுக்கொண்டே வந்தார். தமிழ்ப் பாட்டுக்கென்றே அதில் ஒரு நிலையம் இருந்தது. வீடு வந்த பிறகும் அவர் இறங்கவில்லை.

“அத்தான், இத லாஞ்சுல வச்சா பாடுமா?”

“பாடாம? கடலுக்கு மேல வானம் கெடக்குல்லா? வானம் கெடந்தா பாடும்.”

“கடல்ல ஒரு சத்தமும் கெடயாது அத்தான். எஞ்சின் மட்டுந்தான். நாலு நாள் கழிச்சு ஒருத்தனுக்கொருத்தன் பேசக்கூட ஒண்ணும் இருக்காது.”

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பின் சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்தேன். அத்தனை கடைகளில் அவர் தேடிய பாலைவனம் கடைசியில் கடலாகக் கிடைத்துவிட்டது.

அடுத்த முறை லாஞ்சு கரைக்கு வந்தபோது நாங்கள் மூவரும் அஜ்மான் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனோம். அப்பா புது ரேடியோவையும் அந்தப் பட்டாணியரின் கடையிலிருந்து ஓர் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களையும் கொண்டுவந்திருந்தார். சின்ன ஸ்பீக்கர் போதாதா என்று அம்மா கேட்டாள். “எஞ்சின் சத்தத்துல கேக்க வேண்டாமா?” என்றார் அப்பா. வெயிலில் சட்டையெல்லாம் நனைய, கேபின் கூரைமேல் ஏறி ஆன்டெனாவைத் தானே பொருத்தினார். மாமா கீழே நின்று வயரை நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எஞ்சினை ஓடவிட்டு அப்பா குமிழைத் திருப்பியதும் எழுந்த பாட்டு, பக்கத்து லாஞ்சுகளில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் நிமிர்ந்து பார்க்க வைத்தது. மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு மேல்தட்டில் ஆடினார். லாஞ்சின் முதலாளி அரபி எதற்கோ வந்தவர், கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, “ஜெய்ன், ஜெய்ன்” என்று தலையாட்டிவிட்டுப் போனார். நல்லது என்று அர்த்தம்.

அதன் பிறகு அப்பாவுக்குத் துறைமுகத்தில் பெயர் வந்துவிட்டது. ரேடியோ அண்ணன் என்று கூப்பிட்டார்கள். வேறு லாஞ்சுக்காரர்களும் வந்து கேட்டார்கள், அவர்களுக்கும் அதே மாதிரி பெரிய ஸ்பீக்கரோடு வைத்துக் கொடுத்தார். “கார் ரேடியோ விக்க வந்தவன் கார்லயே விக்கல பாத்தியா” என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மாமா ஒவ்வொரு முறை கரைக்கு வரும்போதும் கடலில் கேட்ட பாட்டுகளை எனக்குப் பாடிக் காட்டுவார். குரல் சகிக்காது. ஆனால் வரி ஒன்று விடாமல் பாடுவார்.

அந்தக் குளிர்காலத்தில் பனிமூட்டம் அதிகம். காலையில் பள்ளி பஸ் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வரும். அப்படி ஒரு விடியலில், கடலில் மாமாவின் லாஞ்சின் மேல் ஒரு சரக்குக் கப்பல் மோதிவிட்டது. மற்றவர்களை இன்னொரு லாஞ்சு வந்து தூக்கிக்கொண்டது. மாமா மட்டும் கிடைக்கவில்லை. மறுநாள்தான் உடல் கிடைத்தது.

அன்று அம்மா டியூட்டியில் இருந்தாள். நர்ஸ் உடுப்போடு அவளைக் கூட்டிவந்து கட்டிலில் உட்கார வைத்தவர் அப்பாதான். ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம், விமான டிக்கெட் என்று எல்லாவற்றுக்கும் அலைந்தவரும் அவர்தான். அம்மா மாமாவின் உடலோடு ஊருக்குப் போனாள். எனக்குப் பரீட்சை இருந்ததால் நாங்கள் இருவரும் இங்கேயே இருந்தோம். அப்பா எனக்குச் சோறு வடித்துக் கொடுத்தார், கோணலாகத் தலை பின்னிவிட்டார், இரவில் ஜெபம் சொல்ல வைத்தார். அழவில்லை. அப்பா தைரியசாலி என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு நாள், “அவனுக்குக் கடேசில பாட்டாவது தொணையா இருந்திச்சி” என்று சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அம்மா திரும்பி வந்த சில நாளில் மாமாவின் லாஞ்சில் இருந்த அண்ணன் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். மோதியபோது கை முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தவருக்கு அன்றுதான் கட்டுப் பிரித்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்து அம்மா பரிமாறினாள். அப்பா எதிரே உட்கார்ந்திருந்தார். நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். எதிரே ஒன்றும் தெரியாத மூட்டம், வலையை இழுத்துவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள், திடீரென்று முன்னால் சுவர் மாதிரி கப்பல் நின்றது.

“அவ்வளவு பெரிய கப்பல்லா? ஹாரன் அடிக்கலியாப்பா?” என்று அம்மா கேட்டாள்.

“பாட்டு போட்டிருந்தோம் அக்கா, அதுல…”

அவர் நிமிர்ந்தார். எதிரே அப்பா இருப்பதை அப்போதுதான் பார்த்தவர்போல இருந்தது. சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது.

“இல்லக்கா. அடிக்கல. அடிச்சிருந்தா கேட்டிருக்கும்லா?”

அம்மா குழம்புச் சட்டியை எடுத்தாள். “கொழம்பு விடட்டா? நீ ஒண்ணுமே சாப்புடல” என்றாள்.

ஹாரன்கூட அடிக்காத அந்தக் கப்பல்மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. அந்தப் பேச்சில் எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

அவரைப் பஸ் ஏற்றிவிட அப்பா கீழே போனார். நான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் போகாமல் இருவரும் எங்கள் கார் பக்கத்திலேயே நின்றார்கள். அப்பா ஏதோ கேட்டார். அவர் இல்லையென்று தலையாட்டினார். அப்பா திரும்பக் கேட்டார், அவர் திரும்பவும் தலையாட்டினார். பிறகு அப்பா அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இந்த முறை அவர் தலையாட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்தப் பஸ்ஸில் போவது என்பதில் இருவருக்கும் வாக்குவாதம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா வீட்டுக்கு வராமல் துறைமுகத்துக்கு வண்டியைத் திருப்பினார். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. அப்பா டிக்கியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரும் கட்டிங் பிளேயரும் எடுத்துக்கொண்டு, தான் ரேடியோ வைத்துக் கொடுத்த ஒவ்வொரு லாஞ்சாக ஏறினார். கரையில் நின்றவற்றில் ஒன்றைக்கூட விடவில்லை. பெரிய ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் கழற்றிக் கரையில் கொண்டுவந்து வைத்தார். ஊர்ப் பழக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை என்றே நாங்கள் சொல்லும் அவருடைய நல்ல சட்டை முழுக்கக் கிரீஸ்.

ஒரு லாஞ்சுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன அண்ணே, நல்லாத்தான பாடுது? எதுக்குக் கழட்டுதிய?”

“கம்பெனில திரும்பக் கேக்கான். வேற தாரேன். சின்னது தாரேன்.”

“சின்னது எஞ்சின் சத்தத்துல எங்க கேக்கும்?”

“அப்ப எஞ்சின நிப்பாட்டிட்டு, நங்கூரம் போட்டுட்டுக் கேளு” என்றார் அப்பா. அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. “ஓடும்போது எதுக்குல பாட்டு? காத தொறந்து வச்சிட்டு ஓட்டு. கேட்டியா? காத தொறந்து வச்சிட்டு ஓட்டு.”

அந்த ஆள் பயந்துபோய், சரி என்று ஒதுங்கி நின்றார்.

எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றிவிட்டு அப்பா காரில் வந்து உட்கார்ந்தார். சாவியைப் போட முடியவில்லை. சாவி கீழே விழுந்தது, அதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். அப்பா அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அது அழுகை என்று தெரிந்துகொள்ளவே எனக்குச் சிறிது நேரம் ஆனது.

அம்மா அவர் முதுகில் கை வைத்தாள். வெளியே ஆட்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். ஆட்கள் முன்னால் அப்பாவைத் தொட்டதே இல்லாத அம்மா, அவர் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“இஞ்ச பாருங்க. அவன் ஆசயா கேட்டான், நீங்க ஆசயா குடுத்திய. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல. நான் சொல்லுதேன்ல, வேற ஒண்ணும் இல்ல.”

திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவள் கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் குரல் அசையவில்லை. கிளினிக்கில் ஊசி போடும்போது குழந்தைகளிடம் பேசுகிற குரல் அது.

நான் பின் சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. இறந்துபோனது அம்மாவின் தம்பி. அழ வேண்டியவள் அவள், தேற்ற வேண்டியவர் அப்பா. இத்தனை நாள் கழித்து அப்பா எதற்கு இப்படி அழுகிறார், அம்மா எதற்கு அவரைத் தேற்றுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.