சீட்டில் கூட்டிய இரண்டு வயது

என் வீட்டுக்காரர் அமிர்தசாமி செஞ்சிக் கோவிலில் உபதேசியாராக இருந்தார். பங்குச் சாமியாருக்கு அடுத்தபடி அவர்தான். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பார், ஞானஸ்நானப் புத்தகம் எழுதுவார், கேட்டவர்களுக்கு அதைப் பார்த்துச் சீட்டு எழுதித் தருவார். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அவரைக் கெடுத்தது நான்தான். வேறு யாரையும் இழுக்க வேண்டாம்.

யுத்தம் நடந்த நாற்பத்துமூன்றாம் வருஷம், அரிசி கண்ணில் படாத காலம். கைம்பெண் ரோஸ்மேரியின் ஒரே மகன் பிலவேந்திரன், பதினாறு வயது, ஒருநாள் என்னிடம் வந்து கெஞ்சினான். பட்டாளத்தில் சேரவேண்டுமாம். பதினெட்டு ஆகிவிட்டதென்று கோவில் சீட்டு வேண்டுமாம்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா வுடாது சின்னம்மா. நீ சொன்னா உபதேசியார் கேப்பாரு."

"ஞானஸ்நானச் சீட்டுல பொய்யா?" என்று இவர் எழுந்து போய்விட்டார். நான் விட்டேனா? மூன்று நாள் நச்சரித்தேன். "பெரிய உத்தமரு! பட்டினி கெடக்கிற வூட்டுக்கு உங்க நேர்மை கஞ்சி ஊத்துமா?" என்றேன். எழுதிவிட்டார். சாமியார் இவரை நம்பிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறு வருஷம் பர்மா எல்லையில் பிலவேந்திரன் செத்துப்போனதாகத் தந்தி வந்தது. இவர் நேரே சாமியாரிடம் போய் நடந்ததைச் சொல்லி வேலையை விட்டார். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. சாமியாரும் விஷயத்தை வெளியே விடவில்லை. கடைத்தெருவில் கோவிந்தராஜின் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து கோவிந்தராஜே இவரைக் கணக்கெழுதக் கூப்பிட்டார். "பேனா புடிக்கிற வேலை வேணாம் மொதலாளி" என்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிலவேந்திரன் வயச மாத்தி ஒரு சீட்டு எழுதுனதுக்கு, ஆயுசு பூரா மூட்ட தூக்குவீங்களா?" என்று கத்தினேன்.

வாசலில் ரோஸ்மேரி நின்றிருந்தாள். அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தவள்.

"எம் புள்ள ஒசரத்தப் பாத்து பட்டாளத்துக்காரன் ஏமாந்துட்டான்னுல்ல நெனச்சிருந்தேன்! யாரு சொல்லி எழுதுன சீட்டு அது?"

நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அவராவேதான் எழுதுனாரு" என்று வந்தது. பாவி, அப்படித்தான் வந்தது.

இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமா தங்கச்சி, நான்தான்" என்றார்.

ரோஸ்மேரி தெருவில் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். "நாசமாப் போ!" என்று அவர் தலையில் தூற்றினாள். மறுபடியும் வாரினாள். அவர் துடைக்காமல் நின்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் மேல் ஒரு பொட்டு மண்கூட விழவில்லை.