தாம்பாளம் இல்லாமல் போன அழைப்பு

தங்கையின் கல்யாணப் பத்திரிகையை நானே கணினியில் வடிவமைத்தேன். முகூர்த்த நேரம், சிராங்கூன் சாலைக் கோயில் மண்டபம், எந்த எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்குவது, விரலால் தொட்டால் திறக்கும் வரைபடம், எல்லாம் அதில் இருந்தன. எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அலுவலக நண்பர்கள், எங்கள் அடுக்குமாடி பிளாக்கில் இருப்பவர்கள், சொந்தக்காரர்கள் என்று நூற்றுச் சொச்சம் பேரை ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது வாழ்த்துகள் வரிசையாக வந்து விழுந்திருந்தன. அவற்றுக்கு நடுவே சின்ன எழுத்தில் ஒரு வரி. மாமா குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

மாமா, அம்மாவின் ஒரே அண்ணன். அப்பா இறந்த பிறகு அம்மா எந்த முடிவையும் அவரைக் கேட்காமல் எடுத்ததில்லை. கல்யாணத்தன்று தாய்மாமன் மாலை போட்டுப் பெண்ணை மணமேடைக்குக் கூட்டி வரவேண்டும். அவரைத்தான் முதலில், வீடு தேடிப் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் வைத்து அழைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. அச்சுப் பத்திரிகை கைக்கு வந்ததும் முறைப்படி போகலாம், இது வெறும் தகவல்தானே என்று நினைத்துவிட்டேன்.

"அண்ணன் வரலைன்னா அந்த மண்டபத்துல நான் எப்படிடா தலை நிமிந்து நிப்பேன்?" என்றார் அம்மா. அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மாமா ஜொகூர் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பல்கலைக்கழகம் வரை போனது குடும்பத்தில் நான்தான் முதல் ஆள். வீட்டில் எந்தக் கடிதம், எந்தப் படிவம் என்றாலும் என் பொறுப்பு. நான் செய்தால் சரியாக இருக்கும் என்று அம்மா நம்பினார். அதைவிட மோசம், நானும் நம்பினேன்.

மாமா செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்து போன கப்பல்களின் மாலுமிகளிடம் கேட்டுக் கேட்டே உலகத்தைத் தெரிந்துகொண்டார். சனிக்கிழமைகளில் குவீன்ஸ்டவுனில் அவர் பிளாக்கின் கீழே உள்ள கோப்பிக்கடையில் நாங்கள் இருவரும் உலக விவகாரம் பேசுவது வழக்கம். உக்ரேன், காஸா, எண்ணெய் விலை என்று ஒன்றையும் விடமாட்டோம். எனக்கு எல்லாப் போருக்கும் ஒரு தீர்வு இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவர் கீழே இறங்கி வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. யார் ஊருக்கு யார் போவது என்பதிலேயே சமாதானப் பேச்சுவார்த்தை தடைபட்டு நிற்பதாகச் செய்தி வரும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். இப்போது தனியாகக் கோப்பி குடித்தபடி உட்கார்ந்திருந்த எனக்கு, லிஃப்டில் ஏறி ஒன்பதாவது மாடிக்குப் போகக் கால் வரவில்லை.

மறுநாள் அம்மா என்னை டேக்கா சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார். வெற்றிலை, பழம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டு, அதற்குள் அச்சாகி வந்திருந்த பத்திரிகைகளோடும் தாம்பாளத்தோடும் மாமா வீட்டுக்குப் போனோம். அத்தை கதவைத் திறந்து, "உள்ளதான் இருக்காரு. என்கிட்டயும் ரெண்டு வாரமா சரியாப் பேசல" என்று கிசுகிசுத்தார்.

மாமா செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க" என்றார், தொலைக்காட்சியைப் பார்த்தபடியே.

"அண்ணே, பத்திரிகை வைக்க வந்திருக்கோம்."

"அதான் வந்துடுச்சே, போன்ல. மேப்போட."

"தப்பு என்னுது மாமா. அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது."

"உன் மேனேஜருக்கும் அதே மெசேஜ், எனக்கும் அதே மெசேஜ். நான் பார்க்கிறதுக்குள்ள உன் பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வாழ்த்தே சொல்லிட்டாரு லா. லிஸ்ட்டுல நான் பதினேழாவது ஆளு மாப்ள. எண்ணிப் பார்த்தேன்."

அத்தை கோப்பி கொண்டுவந்து வைத்தார். அம்மா தொடவில்லை.

"வரேன்னு சொல்லுங்க, குடிக்கிறேன்."

"மொதல்ல குடி. சொல்றேன்."

"நீங்க சொல்லுங்க. குடிக்கிறேன்."

இருவரும் ஒரே பிடிவாதம். கோப்பியின் மேல் ஆடை படிந்தது. உலகத்துக்கெல்லாம் சமாதானம் சொன்ன நான், அந்த வரவேற்பறையில் பேச்சை நம்பாமல் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

"அத்தை, நீங்களும் வந்து மாமா பக்கத்துல நில்லுங்க."

அத்தை உடனே வந்து நின்றுவிட்டார். மனைவி நிற்க, எதிரே மருமகன் தட்டோடு நிற்க, எவ்வளவு நேரம்தான் ஒருவர் உட்கார்ந்திருப்பார்? மாமா தொலைக்காட்சியை அணைத்தார். மெதுவாக எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். நான் காலில் விழுந்தேன். சம்பிரதாயத்துக்காக மட்டும் விழவில்லை.

வருகிறேன் என்று அப்போதும் சொல்லவில்லை. பத்திரிகையைப் பிரித்து, உதடு அசைய, எழுத்து எழுத்தாக முழுவதும் படித்தார்.

"பொண்ணுக்கு மாலை எங்க சொல்லியிருக்க?"

"இன்னும் சொல்லல மாமா. டேக்காவுல..."

"சொல்லாத. அது என் வேலை."

அம்மா ஆறிப்போன கோப்பியை எடுத்தார். "சூடு பண்ணித் தரேன்" என்று அத்தை கை நீட்டினார். "வேணாம் அண்ணி" என்று ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைக்கும் சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"சரி, ஆங் மோ கியோவுல உன் சித்தப்பா வீட்டுக்குப் போயி வச்சிட்டியா?" என்று மாமா கேட்டார்.

"அவருக்கும்... மெசேஜ்தான் மாமா."

"மாப்ள!"

அறைக்குள் போனவர் வெள்ளைச் சட்டையின் பொத்தானைப் போட்டபடி வெளியே வந்தார். அத்தையிடம் இன்னொரு தட்டு கேட்டார். நாங்கள் வாங்கி வந்த பழத்திலிருந்து ஒரு சீப்பை எடுத்து அதில் வைத்தார்.

"கிளம்புங்க. இன்னைக்கே மூணு வீடு முடிச்சிடலாம். பேசுறதை நான் பேசிக்கிறேன், நீ தட்டைப் புடிச்சிக்கிட்டு நில்லு."