கண்ணாடிக் கதவுக்கு வெளியே

நாங்கள் நாகலாபுரத்தில் இருக்கிறோம். டிப்ளமோ முடித்த என் பெரிய மகளை பக்கத்தில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்கு அழைத்துப் போனேன். பெற்றோரை உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிகாரி ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லாமல் திரும்பி என்னைத் தேடினாள். ‘பேசு, பேசு’ என்று சைகை காட்டினேன். பயனில்லை. சற்று நேரத்தில் அனுப்பிவிட்டார்கள்.

“இன்னாம்மா கேட்டாங்க?” என்றேன்.

“வீட்ல யார் யாரு இருக்காங்கன்னு.”

“அதுகூடவா தெரியல?”

“தெரியும்மா. எங்க போனாலும் நீயேதான சொல்லிக்கினு இருப்ப?”



இப்போது சின்னவளை டாக்டரிடம் அழைத்துப் போனால், எங்கே வலிக்கிறது என்று அவளையே சொல்லவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். பெரியவள்தான், யார் எது கேட்டாலும், இன்னும் என் முகத்தையே பார்க்கிறாள்.