ஓட்டுப் போட்டு வைத்த பெயர்

எங்கள் மருத்துவமனையில் வெளிநோயாளிகள் கூடத்து மைக் கெட்டுப்போய் ஆறு வருடம் ஆகிறது. சரிசெய்யச் சொல்லி நாங்கள் எழுதிக் கொடுத்த மனுக்களை அடுக்கினால், அதன் மேல் ஒரு ஆள் ஏறி நின்று டியூப்லைட் மாட்டலாம். அதனால் ஏழாம் நம்பர் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் பெண்தான் எங்களுக்கு மைக். முந்நூறு பேர் இருமிக்கொண்டும் பேசிக்கொண்டும் இருக்கிற கூடத்தில், கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிற ஆள்வரைக்கும் அவள் குரல் போய்ச் சேரும். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் மைக்செட். டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். எட்டாம் நம்பர் ஜன்னல் நான். சீட்டு எழுதுவது, பழைய ஃபைலைத் தேடுவது, சண்டை போடுவது எல்லாம் என் வேலை.

அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நினைத்தாலே வயிறு எரிகிறது. நடுவில் யாரையாவது திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பது வருடமாக நாள் முழுக்கப் பெயர் கூப்பிடுகிறவளுக்குப் பெயரைப் பற்றித் தெரியாததா? சில பெயர்கள் கூட்டத்துக்குள் விழுந்ததுமே காணாமல் போய்விடும். சில பெயரைக் கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள், உரிய ஆள் மட்டும் அசைய மாட்டார். இன்னும் சில பெயர் அவ்வளவு நீளம், சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். வீட்டில் அந்தப் பெயரை எவனும் முழுதாகக் கூப்பிட்டிருக்க மாட்டான்.

அவள் முழுகாமல் இருந்தபோது, ஐந்தாம் மாதத்தில், ஒரு வேலையைத் தொடங்கினாள். காலையில் கூடம் நிரம்பியதும், முதல் நோயாளியைக் கூப்பிடுவதற்கு முன்னால், சீட்டில் இல்லாத ஒரு பெயரைக் கூப்பிடுவாள். கடைசி பெஞ்சில் தலை திரும்புகிறதா என்று பார்ப்பாள். திரும்பாவிட்டால் அந்தப் பெயர் அன்றோடு சரி.

"ஏன்டி, நோயாளிங்களை வெச்சா பேரை வெள்ளோட்டம் விடுறே?" என்றேன்.

"ஒரு தடவை கூப்பிட்டா திரும்பணும் அக்கா. ரெண்டாவது தடவை கூப்பிட வெச்சா எனக்குக் கோவம் வந்துடும்."

சிரித்தோம். அப்புறம் அவளே தலையைக் குனிந்துகொண்டு சீட்டுகளை அடுக்கியபடி சொன்னாள்: "இங்க நான் மைக்செட். வீட்டுல 'இவளே', 'ஏய்', 'சின்னவன் பொண்டாட்டி'. எங்கம்மா செத்ததுக்கு அப்புறம் என் பேரை யாரும் வாய் விட்டுச் சொன்னதில்ல. என் புள்ளையையாவது நான் யோசிச்சு வெச்ச பேரைச் சொல்லிக் கூப்பிடணும்." எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நானும் அவள் பெயரைச் சொன்னதில்லை.

ஏழாம் மாதத்தில் ஒரு பெயர் தேறியது. பெண் பெயர். இரண்டே எழுத்து. கூப்பிட்டதும் கூடத்தில் பாதித் தலை திரும்பியது. அன்று மத்தியானம் தன் வீட்டுக்காரரை வரச் சொன்னாள். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் மறுபடி தேய்க்கிற ஆள், அவ்வளவு நிதானம். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றார். அவள் கூப்பிட்டாள். அவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். "பொண்ணு பொறந்தா இதுதான். எழுதி வெச்சுக்கங்க" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போனார். தங்கமான மனிதர் என்று நானும் நாலு பேரிடம் சொன்னேன். என் நாக்கை அறுக்க வேண்டும்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஏற்கெனவே நாற்பத்தொரு பேர் கொண்ட ஒரு கூட்டம் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லியாகிவிட்டது. நீங்கள் வேறு ஆரம்பிக்க வேண்டாம்.

பெண் குழந்தைதான் பிறந்தது. எங்கள் மருத்துவமனையிலேயே, மூன்றாம் மாடியில், ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மூன்றாம் நாள் அவள் கணவர் பிறப்புப் பதிவுப் படிவத்தைக் கொண்டுபோய், பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். "நான் கொட்டை எழுத்துல அழகா நிரப்பிடறேன், நீ தூங்கு" என்றாராம். அவளும் போட்டுவிட்டாள். புருஷனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

பதிவு ஜன்னல் எங்கள் வரிசையில்தான், ஒன்பதாம் நம்பர். அவரும் அவருடைய அக்காவும் வரிசையில் நிற்பதைப் பார்த்தேன். முன்னால் இருபது பேர். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து போய்ப் பதிவுக்காரரிடம், "நம்ம மைக்செட் வீட்டுக்காரர்ங்க, கொஞ்சம் முதல்ல பாத்து அனுப்புங்க" என்று சிபாரிசு செய்தேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் நன்றி சொன்னார். தூக்கமில்லாத களைப்பு என்று நினைத்தேன், மடச்சி.

மறுநாள் வியாழக்கிழமை, மத்தியான இடைவேளையில் மாடிக்கு ஓடினேன். மைக்செட் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில். கணவர் ஜன்னல் பக்கம், நாத்தனார் நாற்காலியில். நான் குனிந்து, குழந்தையின் காலைத் தொட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சினேன்.

"அது பழைய பேருங்க. வேற வெச்சாச்சு" என்றாள் நாத்தனார்.

"பழைய பேரா? புள்ள பொறந்தே நாலு நாள்தான் ஆகுது!"

மைக்செட் நிமிர்ந்தாள். "என்ன வேற?"

நாத்தனார் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், ஐந்து பேருக்கும் ஒரே எழுத்தில்தான் பெயர் தொடங்கும், ஆறாவது மட்டும் வேறு எழுத்தாக இருந்தால் நன்றாக இருக்காது, அதனால் அந்த எழுத்தில் ஒரு பெயர் பார்த்தார்களாம். "நான் ஒருத்தியா முடிவு பண்ணலம்மா. குடும்ப குரூப்ல ரெண்டு பேருல எது வேணும்னு போன்லயே ஓட்டு விட்டோம். உன் பேரையும்தான் போட்டோம். நாப்பத்தொரு பேரு இருக்கோம், நியாயமா நடந்துச்சு."

"நான் அந்த குரூப்ல இருக்கேனா அண்ணி?"

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரைப் பார்த்தான். கல்யாணம் ஆகி நாலு வருடம், அவளை அந்த குரூப்பில் யாரும் சேர்க்கவே இல்லை. பெற்றவளைத் தவிர ஊரில் உள்ள சித்தப்பா பெரியப்பா எல்லாரும் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். இனிமேல் அவனை நான் 'அவன்' என்றுதான் எழுதுவேன். மரியாதை எல்லாம் இதுவரைக்கும் கொடுத்ததே அதிகம்.

வேறு ஒரு நாளாக இருந்தால் அவள் போட்ட சத்தத்தில் மூன்று மாடியும் அதிர்ந்திருக்கும். தையல் போட்ட வயிறு, இருமினாலே உயிர் போகிறது. அவளால் கத்த முடியவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் கத்தினேன். "வயித்தைக் கிழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கிறவ இவ, ஓட்டுப் போடறது உங்க பெரியப்பாவா?" என்று கேட்டேன். நர்ஸ் ஓடி வந்து என்னை அதட்டினாள்.

"போனைக் குடுங்க" என்றாள் மைக்செட் அவனிடம்.

கொடுத்தான். அவள் மெதுவாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எட்டு பேர் ஓட்டே போடவில்லை. அவள் தேர்ந்தெடுத்த பெயருக்குப் பதினாறு ஓட்டு. நாத்தனார் சொன்ன பெயருக்குப் பதினேழு. மைக்செட்டுக்கே ஆச்சரியம். பதினாறு பேர் தன் பக்கம் இருந்திருக்கிறார்கள். யார் யார் எப்போது போட்டார்கள் என்பதும் அதில் தெரியும். கடைசி ஓட்டு நேற்றுக் காலை ஆறு நாற்பதுக்கு.

"பதினாறுக்குப் பதினாறுல நின்னிருக்கு. கடைசியா நீங்கதான் போட்டிருக்கீங்க" என்றாள்.

அவன் போனுக்காகக் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"இதே கட்டில் பக்கத்துல உக்காந்துக்கிட்டு போட்டீங்களா? நான் தூங்கிக்கிட்டு இருந்தேனா?"

"அக்கா முன்னாடி நின்னுக்கிட்டு இருந்துச்சு. நான் என்ன பண்றது? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

"உங்க குரூப்ல நாப்பத்தொரு பேர் இருக்காங்க. நாலு பேர்னா எந்த நாலு பேரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூட இல்லை.

நான் கீழே இறங்கி நேராக ஒன்பதாம் ஜன்னலுக்குப் போனேன். பதிவுக்காரர் நல்ல மனிதர், ஆனால் சட்டம் பேசுவார். பதிவேடு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். அதற்குமுன் அப்பா அம்மா இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் பெயரை மாற்றலாம். போன பிறகு என்றால் கோர்ட், வக்கீல் என்று வருடக்கணக்கில் அலைய வேண்டும். "அப்பா வர முடியலேன்னா?" என்று கேட்டேன். அம்மா கையெழுத்தும், அவளை நன்றாகத் தெரிந்த ஊழியர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்தும் போதும் என்றார்.

மாடிக்குப் போய் அவளிடம் சொன்னேன். "சாட்சி நான் இருக்கேன்டி, விடு அவனை."

"வேணாம் அக்கா. அவர் கையெழுத்துதான் வேணும் எனக்கு" என்றாள். "பேரை மாத்தறது பெரிசில்ல. அவர் வந்து மாத்தணும். இல்லேன்னா நான் வெச்ச பேரும் எனக்குக் கசந்துதான் போகும்."

அவனிடமும் சொன்னாள். நாளைக்கு நாலு மணிக்குள் வர வேண்டும், தனியாக வர வேண்டும். "பாக்கலாம்" என்றான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே சக்கர நாற்காலியில் கீழே வந்துவிட்டாள், குழந்தையோடு. கூடத்தில் அவளைப் பார்த்து எல்லாரும் கூடிவிட்டார்கள், குழந்தையை எட்டிப் பார்த்தார்கள், பெயர் என்ன என்று கேட்டார்கள். "இன்னும் கொஞ்ச நேரத்துல சொல்றேன்" என்றாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றரை ஆனது. மூன்றே முக்கால் ஆனது. ஏழாம் ஜன்னலில் அவளுக்குப் பதில் உட்கார்ந்த பெண் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், யாருக்கும் கேட்கவில்லை.

நாலுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது வந்தான். அக்காவும் கூடவே. தனியாக வரச் சொல்லியிருந்தாள் அல்லவா? ஆனால் மைக்செட் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வந்துவிட்டானே என்று ஒரு வெளிச்சம். நானும் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டேன். பதிவுக்காரர் திருத்தப் படிவத்தை எடுத்து வைத்தார். அவள் தான் யோசித்து வைத்த பெயரைத் தன் கையால் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், பேனாவை அவனிடம் நீட்டினாள்.

வாங்கினான். படிவத்தைப் பார்த்தான். நாத்தனார் அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் பேனாவை ஜன்னல் பலகையில் வைத்துவிட்டுச் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தான்.

"ஒரு நிமிஷம். குரூப்ல ஒரு வார்த்தை கேட்டுடறேன். சொல்லாம மாத்தினா தப்பாயிடும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜன்னல் கண்ணாடியை உடைத்திருப்பேன். அவன் இரண்டு கட்டை விரலாலும் டைப் அடிக்கிறான். நாத்தனார் பக்கத்தில் நின்று வாசகத்தைத் திருத்துகிறாள். மைக்செட் அந்தக் கட்டை விரல்களையே பார்த்தாள். அதுவரைக்கும் அவள் முகத்தில் இருந்த அந்த வெளிச்சம் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனது.

சுவர்க் கடிகாரத்தில் நாலாக மூன்று நிமிடம். பதிவுக்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைக் கேட்டார்: "சீக்கிரம் சொல்லும்மா. அப்பா கையெழுத்து?"

"அப்பா வரலைங்க" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. டைப் அடித்த விரல் நின்றது.

"என்ன பேசறே? நான் இங்கதானே நிக்கிறேன்!"

அவள் திரும்பவில்லை. "அப்பா வரலை. நீங்க எழுதிக்கங்க. சாட்சிக்கு இவங்க இருக்காங்க" என்று என்னைக் காட்டினாள். நான் என் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து நின்றேன். தெரிந்தே பொய்ச் சாட்சி போடுகிறேன், வேலை போனால் போகட்டும் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது பொய் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

பதிவுக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். முந்தாநாள் நான்தான் சிபாரிசு செய்தேன், அவருக்கு ஆளைத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கேட்டார்.

"நீங்க யாருங்க?"

ஒரே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான்தான் அப்பா என்று அவன் அங்கே வாயைத் திறந்து சொல்லியிருந்தால், அவள் அந்த நிமிடமே மன்னித்திருப்பாள், எனக்கு நன்றாகத் தெரியும். கூடமே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் திரும்பி அவனுடைய அக்கா முகத்தைப் பார்த்தான்.

பதிவுக்காரர் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன்.