நடுவில் ஒரு பகுதி காணவில்லை

கொமியூனிகேஷன் கடை என்று பலகை மாட்டியவனிடம் ஊர் எதை வேண்டுமானாலும் கேட்கும். இல்லை என்று சொன்னால் ஒளித்து வைத்திருக்கிறான் என்றுதான் நினைக்கும்.

நுரைச்சோலைச் சந்தியில் என் கடை. ரீலோட் போடுவேன், போட்டோகொப்பி எடுப்பேன், விழுந்து உடைந்த போன்களுக்குக் கண்ணாடி மாற்றுவேன். ஆனால் அதிகமான ஆட்கள் வருவது டீவி நாடகங்களைக் கொப்பி அடித்துக்கொண்டு போகத்தான். சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்கிறவர்கள் பென் டிரைவையோ மெமரி சிப்பையோ கொண்டுவந்து நீட்டுவார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் இணையத்தில் போட்டுவிடுகிற பகுதிகளை இறக்கி, அதில் நிரப்பிக் கொடுப்பேன்.

சில வருடங்களாக எங்கள் பக்கத்தில் கொடிகட்டிப் பறப்பது ஒரு பள்ளிக்கூட நாடகம். எந்த நாட்டில் எடுத்தார்களோ தெரியாது. பனி கொட்டுகிறது, பிள்ளைகள் கோட்டுப் போட்டுக்கொண்டு படிக்கப் போகிறார்கள். தமிழில் குரல் கொடுத்தவர்கள் கதாநாயகிக்கு யாழினி என்றும் அவளோடு படிக்கிற பையனுக்குக் கவின் என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். அதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஒரு வருடக் கதை முடிந்து அடுத்த வருடக் கதை தொடங்கும்போது பிள்ளைகளின் குணத்தை மாற்றிவிடுவார்கள். ஏன் மாறினார்கள் என்று மட்டும் மூச்சுவிட மாட்டார்கள். அவர்கள் சொல்லாமல் விட்டதற்கெல்லாம் கவுன்டருக்குப் பின்னால் நின்று பதில் சொல்லுகிறவன் நான். கடை வைத்திருக்கிற சகோதரர்களே, செய்யாத குற்றத்துக்கு நீங்களும் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்லி ஆறுகிறேன்.

சோளகத்தில் மாறியவள்

கண்டக்குழி அந்தோனி அண்ணன் மீன்பிடிக்காரர். சோளகக் காற்று எழும்பி எங்கள் கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் படகையும் வலையையும் லொறியில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போய்க் கரையில் குடிசை கட்டி வாடி போடுவார். காற்று அடங்கினால் திரும்பி வருவார். போகும்போது யாழினியின் முதல் வருடக் கதையை முழுதாகப் பார்த்துவிட்டுப் போனார். அதில் யாழினிக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம். வகுப்புப் பிள்ளைகள் ஏரிக்குப் போனபோது கரையில் நின்று அழுதவள். கடல்காரர் ஒருவர் அதைப் பார்த்து இரங்காமல் இருப்பாரா? வாடியில் இருந்த மற்றவர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லி அழவைத்திருக்கிறார்.

திரும்பி வந்ததும் அடுத்த வருடக் கதையை அடித்துக் கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே பென் டிரைவும் கையுமாக வந்து நின்றார். யாழினி இப்போது பள்ளிக்கூட நீச்சல் அணியின் தலைவி. பயந்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை, அவளுடைய அம்மாவுக்கும் இல்லை. நடுவில் ஒன்றும் விடுபடவில்லை, எழுதினவர்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று கணினியைத் திருப்பிக் காட்டிச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வாடிக்குப் போய் வருகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். அவர்கள் இல்லாத நேரத்தில்தான் ஊரில் பிள்ளை பிறக்கும், கல்யாணம் பேசி முடியும், பக்கத்து வீட்டுக்காரன் மதிலைத் தள்ளிக் கட்டுவான். வந்து கேட்டால் யாராவது நடந்ததைச் சொல்லுவார்கள். இங்கே சொல்ல ஆளில்லை என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் முஸ்லிம் கடைக்காரனை எல்லோரும் கூப்பிடுகிறபடி நானா என்றே என்னையும் கூப்பிடுவார்.

"நான் அங்கால போன நேரம் பாத்துத்தான் அந்தப் புள்ள நீந்தப் பழகியிருக்கு. அது பழகின பகுதிய எடுத்து வை நானா, நாளைக்கு வாறன்."

நாளைக்கு வந்தார். இன்றைக்கும் வருகிறார்.

இரண்டு ஷிப்ட்

நிலக்கரி மின்நிலையத்தில் வேலை செய்கிற சுனில் சிங்களவர். எங்களோடு பழகித் தமிழ் நன்றாகக் கதைப்பார். அந்தோனி அண்ணன் என்னோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்ற ஒரு நாள் சுனில் ரீலோட் போட வந்தார். வழக்கை இரண்டு பக்கமும் விசாரித்தார். கவின் முதல் வருடம் நல்லவன், இரண்டாம் வருடம் சிநேகிதனைக் காட்டிக்கொடுத்தவன், மூன்றாம் வருடம் மறுபடி ஊருக்கு உழைக்கிறவன் என்று நானும் என் பங்குக்கு முறையிட்டேன். சுனில் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். களைப்பில் கண் சிவந்திருந்தது, ஆனால் தீர்ப்பில் தயக்கமே இல்லை.

"அங்கயும் ஷிப்ட் வேலதான் நானா. ராத்திரி ஆள் எழுதினத பகல் ஆள் வாசிக்கிற இல்ல."

மரியா அக்காவின் கவின்

மரியா அக்காவும் கண்டக்குழிதான். மகன் இத்தாலிக்குப் போனவன். அவர் கேட்பது எப்போதும் ஒரே பகுதி. கவின் பள்ளிக்கூடம் விட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் புகுந்து, சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்து, "அம்மா, பசிக்குது" என்று கத்துகிற இடம். அதை வெட்டி சிப்பில் போட்டுக் கொடுக்க வேண்டும். சிப் பழுதாகிவிட்டது, போன் மாறிவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணத்தோடு வருவார்.

ஒரு நாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அக்கா, மிச்சக் கதை என்ன பாவம் செய்தது? கவின் எவ்வளவு தூரம் மாறிட்டான் தெரியுமா? அம்மா போன் அடிச்சாலும் அவன் எடுக்கிறதில்ல" என்று கதைக்காரனாட்டம் அளந்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். மகன் முன்பெல்லாம் ஞாயிறு பூசை முடிகிற நேரம் பார்த்துப் போன் எடுப்பான், இப்போது பெருநாளுக்கு ஒரு மெசேஜ், அதுவும் படம் மட்டும் என்று பிறகுதான் சொன்னார். நான் அந்தப் பகுதியை அடித்துக் கொடுத்தேன். எழும்பிப் போகும்போது சொன்னார்:

"அவன் மாறினதெல்லாம் உன்னோட இருக்கட்டும் தம்பி. எனக்குச் சோறு கேக்கிறவன் போதும்."

வெள்ளிக்கிழமைக் கதை

இனி கடைக்குப் பின்னால் இருக்கிற என் வீட்டுக்கு வருகிறேன். என் மனைவி ரிஃபாயா குவைத்தில் ஒரு வீட்டில் வயதான பெண்ணைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். தகரக் கூரையை எடுத்துவிட்டு ஒழுங்கான வீடு கட்ட வேண்டும் என்று போனவள். போகும்போது எங்கள் ஒரே மகள் ஹஸ்னா ஐந்தாம் வகுப்பு. வாய் ஓயாத பிள்ளை. பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினால் மூச்சு வாங்கவும் மறந்துவிடுவாள். ரிஃபாயா இல்லாத வீட்டில் எனக்கு எதுவும் ருசிக்கவில்லை என்று வெட்கமில்லாமல் சொல்கிறேன். "கடைய மூடுங்க, சோறு ஆறுது" என்று பின் கதவால் சத்தம் போட ஆளில்லை. அவள் ஏச்சுக்குக்கூட ஏங்கிக் கிடந்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். போன் எடுப்பாள். முதலில் மகளும் அவளும் எதையெல்லாமோ கதைத்தார்கள். ஹஸ்னா வளர வளர, "சாப்பிட்டியா, படிச்சியா, தொழுதியா" என்பதற்கு மேல் கதை ஓடவில்லை. ஓம், ஓம், ஓம் என்று மூன்று பதிலோடு போன் என் கைக்கு வந்துவிடும். அப்போதுதான் அந்த நாடகம் இரண்டு பேருக்கும் கைகொடுத்தது. ரிஃபாயா அங்கே பார்த்தாள், ஹஸ்னா இங்கே பார்த்தாள். வெள்ளிக்கிழமை வந்தால் யாழினியைப் பற்றிச் சிரித்துச் சிரித்துக் கதைப்பார்கள். நான் கடையில் இருந்தபடி காதைப் பின்கதவில் வைத்திருப்பேன்.

மூன்றாம் வருடக் கதையில் எழுதினவர்கள் எங்கள் வயிற்றில் அடித்தார்கள். தாயும் மகளுமாக ஒட்டிக்கொண்டிருந்த யாழினி, அந்த வருடம் தொடங்கும்போதே தாயோடு பேசுவதில்லை. சண்டை இல்லை, குற்றம் இல்லை, ஒரு சொல் விளக்கம் இல்லை. தாய் கதவைத் தட்டுகிறாள், மகள் காதில் பாட்டை மாட்டிக்கொள்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை ரிஃபாயா போனில் அழுதுவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது, ஏன் இப்படி மாறினாள், காரணம் சொல்லவேணாமா என்று கேட்டாள். எழுதத் தெரியாதவர்கள் என்று நான் பின்னால் நின்று ஒத்து ஊதினேன். போனை வைத்த பிறகு ஹஸ்னா என்னைப் பார்த்தாள். அந்த நாடகத்தை ஊரில் யாருமே குறை சொல்லாமல் விட்டதில்லை. இவள் மட்டும்தான் விட்டாள்.

"காரணம் சொல்லிட்டுத்தானா வாப்பா ஆக்கள் மாறுறாங்க?"

குவைத்திலிருந்து வந்த ஓடர்

ரிஃபாயா ஊருக்கே வந்துவிடப் போகிறாள் என்று முடிவானது. கூரை போட்டாகிவிட்டது, இனி அங்கே இருக்கத் தேவையில்லை. எனக்குக் கால் தரையில் படவில்லை. அவளுக்கு மட்டும் சந்தோஷத்துக்கு நடுவே ஒரு பயம். ஹஸ்னா இல்லாத நேரம் பார்த்து என்னிடம் ஒன்று கேட்டாள். ஹஸ்னாவின் பழைய வீடியோக்கள், போட்டோக்கள், எது இருக்கிறதோ எல்லாவற்றையும் வரிசையாக அனுப்ப வேண்டும். பார்த்துப் படித்துக்கொண்டு வந்தால்தான் மகளுக்கு முன்னால் முழிக்காமல் நிற்கலாமாம்.

ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுக்கிறவன், என் வீட்டு ஓடர் வந்ததும் திண்டாடினேன். கையில் இருந்தது கொஞ்சம்தான். பள்ளிக்கூட அஞ்சலோட்டத்தில் கோலை வாங்கிக்கொண்டு ஓடுகிறாள். பெருநாள் உடுப்போடு வாசலில் நிற்கிறாள். அதற்குப் பிறகு எடுத்ததில் எல்லாம் கையை நீட்டிக் கமராவை மறைக்கிறாள். எல்லாவற்றையும் அனுப்பினேன். அவள் பார்த்து முடிக்கக் கவுன்டரில் காத்திருந்தேன். எதிரே அந்தோனி அண்ணன் தன் பென் டிரைவோடு காத்திருந்தார். போன் வந்தது.

"பாத்தன் ஹஸ்னாட வாப்பா. முதல்ல ஒரு புள்ள இருக்கு, பேந்து வேற ஒரு புள்ள இருக்கு. நடுவுல உள்ளத நீங்க அனுப்பல்லயே."

கருவாட்டுத் துண்டு

வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள். விமான நிலையத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தாள், ஹஸ்னாவைப் பார்த்து யோசித்துச் சிரித்தாள். தன்னைவிட உயர்ந்துவிட்ட பிள்ளையை எங்கே பிடித்துக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் தோளைத் தொட்டாள். ஹஸ்னாவும் பெட்டியை வாங்கித் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். வேனில் இரண்டு பேரும் இரண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். யாழினியைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. போனில் கதைத்தவர்கள் வேறு யாரோ என்று எனக்கே பட்டது. இத்தனை வருடம் ஏங்கி இருந்தது இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பகல் ரிஃபாயா சமைத்தாள். எனக்கும் அவளுக்கும் கட்டா மீன் கருவாட்டுக் குழம்பு. ஹஸ்னாவுக்கு மட்டும் தனியாக முட்டை பொரித்து வைத்தாள். சின்னதில் கருவாட்டு வாசம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற பிள்ளை அவள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஹஸ்னா ஒரு யோசனையும் இல்லாமல் கையை நீட்டி, என் சோற்றுக் கோப்பையில் இருந்த பெரிய கருவாட்டுத் துண்டை எடுத்து வாயில் போட்டாள். ரிஃபாயா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டாள். "எப்ப இருந்து?" என்று கேட்டாள். ஹஸ்னாவுக்குத் தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், எனக்கும் தெரியவில்லை. ரிஃபாயா என்னைப் பார்த்த பார்வையை நான் கவுன்டரில் பல தடவை கண்டிருக்கிறேன். நீ ஒளித்து வைத்திருக்கிறாய் என்கிற அதே பார்வை. பிறகு அவள் கண் நிறைந்துவிட்டது. முட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு குனிந்தாள்.

ஹஸ்னா தாயைப் பார்த்தாள். பிறகு தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கத்திலிருந்து எழும்பி, தாயின் பக்கம் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிநேகிதிகளிடம் நாடகம் பற்றிக் கேட்கிற அதே குரலில், "நீங்க எந்த இடத்துல விட்டீங்க உம்மா? அதுல இருந்து சொல்றன்" என்றாள். ரிஃபாயா முகத்தைத் துடைக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. புறப்பட்டுப் போன நாளின் அந்த இடத்தை அவள் குவைத்தில் ஒவ்வொரு நாளும் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள் போல.

"நான் வேனுக்குள்ள ஏறிட்டன். நீ வெளிய நின்டு கண்ணாடியத் தட்டி என்னமோ சொன்னாய், எனக்குக் கேக்கல்ல. அதுல இருந்து சொல்லு."

அன்றைக்குப் பின்னேரம்வரை நான் கடையைத் திறக்கவில்லை. வெளியே பென் டிரைவோடு கதவைத் தட்டிக்கொண்டிருந்த அந்தோனி அண்ணனிடம், விடுபட்ட பகுதி இப்போதுதான் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அது உங்கள் யாழினியுடையது இல்லை என்று எந்த வாயால் சொல்வேன்?