கயிறு வரைந்த ஓவியர்

ஊரே முகம் சுளிக்கும் ஓவியத்தை மறைப்பது பொறுப்பா, கோழைத்தனமா? எண்பதுகளில், பாப்பாரப்பட்டியில் எங்கள் வாசகர் மன்றம் நடத்திய கண்காட்சியில் இந்தக் கேள்வி என்னை நெருக்கியது.

சென்னையிலிருந்து வந்திருந்த அந்த ஓவியர் ஒல்லியானவர். காதில் எப்போதும் ஒரு பென்சில். தம் ஓவியத்துக்கு முதுகைக் காட்டி நின்று, பார்ப்பவர்களின் முகங்களையே கவனிப்பார். ஓவியத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டுப் பிரசவித்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பளைங்க வர்ற எடத்துல இதென்னங்க அசிங்கம்? எறக்குங்க!" என்று ஒரு விவசாயி கத்த, கூட்டமும் சேர்ந்துகொண்டது. கலவரத்துக்கு அஞ்சி, ஓவியத்தை மூட மேசை விரிப்பை உருவினேன்.

அதற்குள் உள்ளூர் மருத்துவச்சி முன்னால் வந்தார்.

"நீங்கல்லாம் வானத்துலருந்தா குதிச்சீங்க?" என்று கூட்டத்தை அதட்டிவிட்டு ஓவியரிடம் திரும்பினார். "ஏங்க, வலி எடுக்கறப்ப உத்தரத்துல கட்டித் தொங்கவுட்ட கயித்த இறுக்கிப் புடிச்சிருப்பா. வெறுங்கையா வுட்டுட்டீங்களே!"

"ஆமாங்க, தப்புதாங்க!" என்று துள்ளிய ஓவியர், அங்கேயே தூரிகையை எடுத்துக் கயிற்றை வரைந்தார்.

கத்திய விவசாயி நெருங்கி வந்து உற்றுப்பார்த்தார். "முறுக்கு பத்தாதுங்க. அறுந்துடும்."

கூடமே சிரித்தது. ஓவியர் மட்டும் சிரிக்காமல் கயிற்றை முறுக்கேற்றினார்.

அதன்பின் நாங்கள் நடத்திய எந்தக் கண்காட்சியிலும் ஓவியத்தை மறைக்க நான் துணி தேடியதில்லை.